வெளி ஏபிஐ தாமதிக்கும்போது எந்த நூலகம் கைகொடுக்கும்? ரிக்வஸ்ட்ஸ், ஹெச்டிடிபிஎக்ஸ், ஏஐஓஹெச்டிடிபி: ஓர் ஒப்பீடு

பைத்தானில் எழுதப்பட்ட வலைச் செயலிகள் கட்டணம் பெறுதல், வரைபடம், குறுஞ்செய்தி போன்ற பணிகளுக்கு வெளி ஏபிஐ-களையே (பிற சேவைகளை நிரல்வழி அழைக்கும் இடைமுகங்கள்) நம்பியிருக்கின்றன. அந்த அழைப்புகளுக்குப் பரவலாகப் பயன்படும் திறமூல நூலகங்கள் மூன்று: 2011-இல் கென்னத் ரைட்ஸ் வெளியிட்டு, 2019 முதல் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையின் கீழ் இருந்துவரும் ரிக்வஸ்ட்ஸ், ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்புக்கான ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கை உருவாக்கிய டாம் கிறிஸ்டி 2019-இல் தொடங்கிய ஹெச்டிடிபிஎக்ஸ், ஏசிங்க் முறைக்கென்றே (ஒரு பதிலுக்குக் காத்திருக்கும்போதே வேறு பணிகளைத் தொடரும் முறை) எழுதப்பட்ட ஏஐஓஹெச்டிடிபி. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரு கெட் அழைப்பை (தரவைப் பெறும் கோரிக்கை) எத்தனை வரிகளில் எழுதலாம் என்று பார்க்கிறார்கள். எதிர்முனை, அதாவது நாம் அழைக்கும் சேவை, ஒழுங்காக இயங்கும் நாளில் மூன்றுமே நன்றாக வேலை செய்யும். அது தாமதிக்கும்போதும் பாதியில் நின்றுபோகும்போதும் நம் செயலிக்கு என்ன நேர்கிறது என்பதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காலக்கெடுவிலிருந்து தொடங்குவோம். ரிக்வஸ்ட்ஸ் நூலகத்தில் நாமாகக் குறிப்பிடாவிட்டால் காலக்கெடு என்பதே கிடையாது; எதிர்முனை பதில் தராமல் இணைப்பை மட்டும் திறந்து வைத்திருந்தால் அழைப்பு முடிவின்றிக் காத்திருக்கும். ஜாங்கோ செயலி ஒன்று கூனிகார்ன் என்ற வலைச் சேவையகத்தில் நான்கு சாதாரண வொர்க்கர்களுடன் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கையாளும் செயல்முறைகள்) இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணச் சேவை உறைந்துபோன நேரத்தில் நான்கு பயனர்கள் பணம் செலுத்த முயன்றால், நான்கு வொர்க்கர்களும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கட்டணத்தோடு தொடர்பே இல்லாத முகப்புப் பக்கமும் திறக்காது. கூனிகார்னின் இயல்பான 30 விநாடி வரம்பு தாண்டியதும் அந்த வொர்க்கர்கள் கொல்லப்பட்டுப் புதியவை எழும், அவையும் அடுத்த பயனர்களால் அதே இடத்தில் போய் நிற்கும். இதில் மேலும் வருத்தம் தருவது, ரிக்வஸ்ட்ஸின் செஷனில் (பல அழைப்புகளுக்குப் பொதுவான அமைப்புகளை வைத்திருக்கும் பொருள்) காலக்கெடுவை ஒருமுறை குறித்துவைத்து எல்லா அழைப்புகளுக்கும் பொருத்த நேரடி வழி இல்லாததுதான். ஒவ்வோர் அழைப்பிலும் எழுத வேண்டும், அல்லது சொந்தமாக ஓர் அடாப்டர் (அழைப்புகளை அனுப்பும் இடைப்பகுதி) எழுதிக்கொள்ள வேண்டும்.

ஹெச்டிடிபிஎக்ஸ் இந்த இடத்தில் தெளிவாக முந்துகிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அதன் காலக்கெடு 5 விநாடி. அழைப்புகளை அனுப்பும் கிளையன்ட்டை உருவாக்கும்போதே அதை மாற்றிவிடலாம். ஆனால் அந்த 5 விநாடி என்பது முழு அழைப்புக்கான வரம்பு அன்று, தரவு எதுவும் நகராத இடைவெளிக்கான வரம்பு. எதிர்முனை நான்கு விநாடிக்கு ஒருமுறை சில பைட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் அழைப்பு நீண்டுகொண்டே போகும். ரிக்வஸ்ட்ஸில் நாம் குறிக்கும் வாசிப்புக் காலக்கெடுவும் இப்படித்தான் செயல்படுகிறது. தொடக்கம் முதல் முடிவு வரையிலான மொத்த நேரத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இம்மூன்றில் ஏஐஓஹெச்டிடிபியிடம் மட்டுமே உள்ளது. அதன் இயல்பான அளவு 300 விநாடி என்பதால், பயனர் காத்திருக்கும் பக்கங்களுக்கு அதைக் கட்டாயம் குறைக்க வேண்டும்.

மறுமுயற்சியில் நிலைமை தலைகீழ். ரிக்வஸ்ட்ஸின் அடியில் இருக்கும் யுஆர்எல்லிப்3 நூலகத்தின் ரீட்ரை வகுப்பு மிகவும் பக்குவப்பட்டது. எந்தெந்த நிலைக் குறியீடுகளுக்கு மீண்டும் முயல வேண்டும், முயற்சிகளுக்கிடையே இடைவெளி எப்படிக் கூட வேண்டும் என்று அதில் குறிக்கலாம். எதிர்முனை 'இத்தனை விநாடி கழித்து வா' என்று பதிலின் ஹெட்டரில் (பதிலோடு வரும் கூடுதல் குறிப்பு) சொன்னால் அதற்கும் கட்டுப்படும். கோரிக்கை போய்ச் சேர்ந்த பின் பழுது நேர்ந்தால் போஸ்ட் அழைப்பை (தரவை அனுப்பும் கோரிக்கை) அது தானாக மறுபடி அனுப்பாது என்பது முக்கியமானது, ஏனெனில் பதில் வராத ஒரு கட்டண அழைப்பை மீண்டும் அனுப்பினால் வாடிக்கையாளரிடம் இருமுறை பணம் பிடிக்கப்படலாம். ஹெச்டிடிபிஎக்ஸில் உள்ள மறுமுயற்சி இணைப்பு ஏற்படாத பிழைகளுக்கு மட்டும் உதவும். 503 (சேவை தற்காலிகமாக இல்லை) போன்ற பதில்களுக்கு டெனாசிட்டி போன்ற வேறொரு நூலகத்தைச் சேர்க்க வேண்டும்.

ஒரே நேரத்தில் பல அழைப்புகள் தேவைப்படும்போது ரிக்வஸ்ட்ஸ் பின்தங்குகிறது. 200 மில்லி விநாடி பிடிக்கும் 50 அழைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 10 விநாடி ஆகும். ஏசிங்க் முறையில் அவற்றின் காத்திருப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். ஹெச்டிடிபிஎக்ஸும் ஏஐஓஹெச்டிடிபியும் இதைச் செய்கின்றன, இரண்டிலும் இயல்பான இணைப்பு வரம்பு 100. ஏஐஓஹெச்டிடிபியில் வரும் பதிலைப் பிரித்துப் படிக்கும் பகுப்பான் சி மொழியில் எழுதப்பட்டது, ஹெச்டிடிபிஎக்ஸ் சார்ந்திருக்கும் ஹெச்11 தூய பைத்தான். ஆகவே ஆயிரக்கணக்கான அழைப்புகள் நெருக்கும் இடத்தில் முன்னதே தாங்கும். வெப்சாக்கெட்டும் (இருபுறமும் தொடர்ந்து தரவு அனுப்பும் திறந்த இணைப்பு) அதில் உள்ளமைந்தே வருகிறது. ஹெச்டிடிபி நெறிமுறையின் இரண்டாம் பதிப்பான ஹெச்டிடிபி/2 வேண்டுமென்றால் ஹெச்டிடிபிஎக்ஸ் மட்டுமே தருகிறது, அதுவும் கூடுதல் பொதியாக.

புதிதாக எழுதும் வலைச் செயலிக்கு நான் ஹெச்டிடிபிஎக்ஸையே பரிந்துரைப்பேன். சாதாரண முறையும் ஏசிங்க் முறையும் ஏறக்குறைய ஒரே இலக்கணத்தில் அமைந்திருப்பதால், இன்றைய ஜாங்கோ செயலி நாளை ஏசிங்க் முறையிலான ஃபாஸ்ட்ஏபிஐ கட்டமைப்புக்கு நகர்ந்தாலும் ஏபிஐ பகுதியை அடியோடு மாற்ற வேண்டியதில்லை. 2024 இறுதியில் வந்த பதிப்பும் 1.0-ஐ எட்டாமல் 0.28 என்றே எண்ணிடப்பட்டிருப்பது சிலரைத் தயங்கவைக்கிறது. பதிப்பைப் பூட்டிவைத்து (தானாகப் புதிய பதிப்புக்கு மாறாதபடி) பயன்படுத்தினால் அது பெரிய தடையல்ல. ஓப்பன்ஏஐயின் பைத்தான் நூலகமே இதன்மேல்தான் நிற்கிறது. இரவில் ஒருமுறை ஓடித் தரவு இறக்கும் சிறு நிரலுக்கு ரிக்வஸ்ட்ஸ் தாராளமாகப் போதும், காலக்கெடுவை மறவாதிருந்தால்.

ரிக்வஸ்ட்ஸிலிருந்து ஹெச்டிடிபிஎக்ஸுக்கு மாறுவோர் பெயரை மட்டும் மாற்றி நிறுத்திவிடக் கூடாது. திசைதிருப்பல்களை ரிக்வஸ்ட்ஸ் தானாகப் பின்தொடரும், ஹெச்டிடிபிஎக்ஸ் 0.20 பதிப்பு முதல் நாம் சொன்னால்தான் பின்தொடரும், எனவே 200 (வெற்றி) எதிர்பார்த்த இடத்தில் 301 (முகவரி மாறிவிட்டது) வந்து நிற்கும். பிழை வகுப்புகளின் பெயர்களும் வேறு என்பதால், பிழைகளைக் கையாளும் பழைய எக்செப்ட் பகுதிகள் புதிய பிழைகளைப் பிடிக்காமல் விட்டுவிடும். எதிர்முனை வேண்டுமென்றே தாமதிப்பதுபோல ஒரு போலிப் பதிலை வைத்து அந்தப் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்பே உற்பத்திச் சூழலுக்கு அனுப்ப வேண்டும். போலிப் பதில் தருவதற்கான மாக் டிரான்ஸ்போர்ட் ஹெச்டிடிபிஎக்ஸுடனேயே வருகிறது.