லினக்ஸில் இயங்கும் என்று விற்கப்பட்ட டைம்ஷெயார் மென்பொருள்: 49 டொலர் கொடுத்து ஏமாந்த கதை

விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையை முன்கூட்டியே வாங்கிவைப்பதுதான் டைம்ஷெயார். அதன் புள்ளிகளைக் கணக்கிட்டுத் திட்டமிடும் மென்பொருளை விண்டோஸ் அல்லாத கணினிக்கு வாங்க எண்ணுபவர்கள், வங்கி அட்டையின் இலக்கங்களைத் தட்டச்சு செய்யும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். விற்றவரின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. வங்கியில் கொடுத்த முறைப்பாடு இன்னும் முடிவாகவில்லை; அது ஒருபுறமிருக்க, பெயரைத் தெரிந்துகொள்வதைவிட நான் எந்த இடத்தில் கவனிக்கத் தவறினேன் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருக்கும் எனக்கும் புளோரிடாவில் இருக்கும் விடுமுறை விடுதிகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அக்காவும் அத்தானும் கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் டிஸ்னி நிறுவனத்தின் டைம்ஷெயார் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் ஆண்டுக்கு 160 புள்ளிகள் கிடைக்கும் ஓர் ஒப்பந்தத்தை வாங்கினார்கள். இருவரும் மாறி மாறி இரவு வேலை செய்பவர்கள் என்பதால், எந்த மாதத்தில் போனால் எத்தனை புள்ளி போகும், மிஞ்சியதை எப்போது அடுத்த ஆண்டுக்கு நகர்த்த வேண்டும் என்ற கணக்கெல்லாம் "கொம்பியூட்டர் தெரிந்த தம்பி" என்ற முறையில் என் தலையில் வந்து விழுந்தது.

இந்தக் கணக்கு வெளியிலிருந்து பார்ப்பதைவிடச் சிக்கலானது. பழைய டைம்ஷெயாரில் ஆண்டில் குறிப்பிட்ட ஒரு கிழமை, ஏழு நாளும், உங்களுடையது. அதோடு விடயம் முடிந்தது. 1991இல் தொடங்கிய இந்தத் திட்டத்திலோ கிழமைக்குப் பதிலாகப் புள்ளிகள் கிடைக்கின்றன. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் அறை வாடகை ஏறுவதைப் போலவே அங்கும் பருவத்துக்குப் பருவம் புள்ளி மாறும். ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகளுக்கு ஒரு கணக்கு, வெள்ளி, சனி இரவுகளுக்கு வேறு கணக்கு. ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட சொந்த விடுதிக்குப் பதினொரு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். ஏனைய விடுதிகளுக்கு ஏழு மாதங்களுக்கு முன்னர்தான் கதவு திறக்கும். ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் ஆண்டு தொடங்கும் மாதமும் வேறு, அக்காவினுடையது ஜூன். ஓர் ஆண்டில் செலவழிக்காத புள்ளிகளை அந்த ஆண்டின் முதல் எட்டு மாதங்களுக்குள் அடுத்த ஆண்டுக்கு மாற்றிவிட வேண்டும். அந்த எல்லை கடந்துவிட்டால் மிஞ்சிய நான்கு மாதங்களுக்குள் எங்காவது போய்த் தங்கினால் உண்டு, இல்லாவிட்டால் புள்ளி போனதுதான். அப்படி ஒருமுறை மாற்றியதை மறுபடியும் மாற்ற முடியாது.

என் மடிக்கணினி பழையது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இதில் இல்லாததால் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினேன். அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இந்தச் சிறு துறைக்கான மென்பொருட்களைத் தனி ஆட்களோ இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களோதான் எழுதுகிறார்கள். அவர்கள் விண்டோஸுக்கு எழுதுவார்கள், சிலர் மெக்குக்கும் எழுதுவார்கள், லினக்ஸ் பாவிக்கும் டைம்ஷெயார் உறுப்பினரைத் தேடிப் போவதில்லை. பல இரவுகள் தேடியதில் கிடைத்தவற்றிற் பெரும்பாலானவை எக்செலுக்குள் ஓடும் சிறு நிரல்களான மக்ரோக்களை நம்பி எழுதப்பட்ட கணக்குத்தாள்கள். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஒபிஸில் திறந்தால் பொத்தான்கள் தெரியும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அந்த நிலையில்தான் விண்டோஸ், மெக், லினக்ஸ் என்ற மூன்று சின்னங்களையும் வரிசையாகக் காட்டிய ஒரு விற்பனைப் பக்கம் கண்ணில் பட்டது. மூன்றாவது சின்னம் பென்குயின். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த மகிழ்ச்சியே என் முதற் பிழை.

விலை 49 டொலர். நவம்பர் 18 அன்று செலுத்தினேன். வங்கியின் கட்டணமும் சேர்ந்து 15,000 ரூபாவைத் தாண்டிக் கழிந்தது. தேயிலைத் தோட்டத்தில் அப்போதிருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால் பதினொரு பேருக்கு மேல் (ஒரு நாள் வேலையைத்தான் ஒரு பேர் என்போம்). தோட்டத்தில் பிறந்தவனுக்கு எந்த விலையையும் பேரில் பெயர்த்துப் பார்க்கும் பழக்கம் போகாது.

பதிவிறங்கிய சுருக்கக் கோப்பை விரித்தபோது உள்ளே இரண்டே கோப்புகள் இருந்தன. ஒன்று ஈஎக்ஸ்ஈ என்று முடியும் நிரல். மற்றது நான்கு வரி எழுதிய குறிப்பு. 'லினக்ஸ் பாவனையாளர்கள் முதலில் வைனை நிறுவிக்கொள்ளவும்' என்றது குறிப்பு. இங்கே வைன் என்பது மதுவன்று. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைப்பதற்காக 1993இலிருந்து தன்னார்வலர்கள் உழைத்து உருவாக்கிவரும் இலவச மென்பொருள். அவர்களுடைய உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டு, தான் ஒரு வரிகூட எழுதாமல், "லினக்ஸிலும் இயங்கும்" என்று 49 டொலருக்கு விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து, ஒரு கோப்பின் வகையைச் சொல்லும் 'ஃபைல்' என்ற கட்டளையை அந்த நிரலின் மேல் ஓட்டினேன். லினக்ஸ் நிரலாக இருந்தால் ஈஎல்எஃப் என்று பதில் தொடங்கியிருக்கும். வந்த பதில் பீஈ32 என்று தொடங்கியது. அது விண்டோஸ் நிரல், வேறொன்றும் அல்ல. வாங்கிய பின் பத்து வினாடியில் தெரிந்துகொண்ட இதனை, இலவச மாதிரிக் கோப்பு ஒன்றைக் கேட்டிருந்தால் வாங்கும் முன்னரே தெரிந்துகொண்டிருப்பேன்.

வைனை நிறுவியும் நிரல் திறக்கவில்லை. ஒரு சாளரம் மின்னி மறைந்தது, அவ்வளவுதான். முனையத்தில் வந்த பிழைச் செய்தியை இணைத்து நவம்பர் 24 அன்று மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாளில் மரியாதையான பதில் வந்தது: இதே பிழை விண்டோஸ் கணினியிலும் வருகிறதா என்று பார்த்து, திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். விண்டோஸ் இல்லாததால் லினக்ஸுக்கு வாங்கியவனிடம் விண்டோஸில் ஓட்டிக் காட்டச் சொன்ன அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

அடுத்த நாட்களில் டித்வா புயல் வந்தது. மலையகம் அப்போது பட்ட பாட்டை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மண்சரிவில் வீட்டையும் உறவையும் இழந்தவர்களுக்கு நடுவில் ஒரு மென்பொருளைப் பற்றி நினைப்பதே வெட்கமாக இருந்தது. மின்சாரமும் தொலைபேசி இணைப்பும் ஒழுங்குக்கு வந்து, டிசம்பர் 9 அன்று பணத்தைத் திருப்பித் தரும்படி எழுதியபோது, பதினான்கு நாள் அவகாசம் டிசம்பர் 2 உடன் முடிந்துவிட்டது என்றார்கள். நான் முதலில் முறையிட்டது ஆறாம் நாள் என்பதையும் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுதினேன். அனுதாபம் தெரிவித்தார்கள். பணத்தைத் தரவில்லை.

இத்துடன் விட்டிருந்தால் 15,000 ரூபாவோடு போயிருக்கும். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்ற பிடிவாதத்தில், கொட்டகலையில் உள்ள ஒரு நண்பரின் உதவியோடு, நிரலுக்கு வேண்டிய, மைக்ரோசொஃப்ட்டின் டொட்நெட் பகுதிகளை வைனுக்குள் ஒவ்வொன்றாக ஏற்றி, டிசம்பர் கடைசியில் அதைத் திறக்க வைத்துவிட்டேன். எழுத்துகள் சில இடங்களில் சதுரப் பெட்டிகளாகத் தெரிந்தாலும் எண்கள் தெரிந்தன. முதலிலேயே அக்காவின் உறுப்பினர் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. புள்ளி இருப்பைத் தானாகவே எடுத்துக்கொள்ளுமாம். கொடுக்காமல் இருப்பைக் கையால் நிரப்பினேன். ஒப்பந்தமும் சேமித்த அட்டையும் இருக்கும் ஒரு கணக்கின் சாவியை, திரும்பப் பேச மறுக்கும் ஒருவரின் நிரலுக்குள் யாரும் தட்டச்சு செய்யக் கூடாது.

அக்கா குடும்பம் போக விரும்பியது 2027 மார்ச் பள்ளி விடுமுறைக்கு, 13ஆம் திகதி சனிக்கிழமையிலிருந்து. நிரல் 2027 என்று தலைப்பிட்டு ஓர் அட்டவணையைக் காட்டியது. கூட்டுத்தொகை சந்தேகமாக இருந்ததால், திட்டத்தை நடத்தும் நிறுவனமே எவரும் பார்க்கும்படி இலவசமாக வெளியிடும் அட்டவணையோடு ஒப்பிட்டேன். தலைப்பு மட்டுமே 2027, உள்ளே இருந்தவை 2026இன் எண்கள். உண்மையான அட்டவணைக்குத் தனியாக 19 டொலர் கட்ட வேண்டும் என்று ஒரு மூலையில் எழுதியிருந்தது. பழைய அட்டவணை பார்வைக்குப் பிழையாகத் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. ஒரு விடுதி அறைக்கான ஆண்டு மொத்தப் புள்ளிகளை நிறுவனம் கூட்ட முடியாது, ஒரு பருவத்தில் கூட்டினால் இன்னொன்றில் குறைக்க வேண்டும். ஆகவே பெரும்பாலான இரவுகள் சரியாகவே பொருந்தி, சில இரவுகள் மட்டும் இரண்டு மூன்று புள்ளி பிசகும்.

அந்தப் பிசகையாவது நானே பிடித்துவிட்டேன். பிடிக்காமல் விட்டது திகதி.

2025 ஜூனில் தொடங்கிய ஆண்டில் மிஞ்சியிருந்த 84 புள்ளிகளை மாற்றினால்தான் மார்ச் பயணத்துக்குப் போதும். கடைசி நாள் எது என்று நிரலைக் கேட்டேன். '2026 பெப்ரவரி 1' என்றது. அதை அப்படியே அக்காவுக்கு எழுதினேன். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை அவருக்கு வேலை. ஞாயிறு ஆறுதலாகச் செய்துகொள்ளலாம் என்று இருந்தார். இங்கே பெப்ரவரி 1, ஞாயிறு காலை எட்டு மணிக்கு வட்ஸப்பில் அழைப்பு வந்தது.

"தம்பி, ஒண்ணாந் தேதின்னு தானே சொன்ன? இங்க முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அத்தான் இப்பதான் பார்த்தாரு."

அங்கே அப்போது சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. இரண்டரை மணித்தியாலம் மிஞ்சியிருந்தது. அத்தான் தன் தொலைபேசியிலேயே புள்ளிகளை மாற்றி முடித்து, உறுதிப்படுத்தும் செய்தியைப் படம் பிடித்து அனுப்பும் வரை நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தேன்.

பிறகு உட்கார்ந்து பார்த்தபோது காரணம் எளிதாகத்தான் இருந்தது. ஜூனில் தொடங்கும் ஆண்டின் எட்டாவது மாதம் ஜனவரி, ஆகவே எல்லை ஜனவரி 31. நிரல் அதை வெறும் நாளாக வைக்காமல், அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 11.59 என்ற கணமாக வைத்திருக்கிறது. அந்த நேரத்துக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். இலங்கை நேரத்தில் இருக்கும் என் கணினியில் அது மறுநாள் காலை 10.29 ஆகிறது; நேரத்தை வெட்டிவிட்டு நாளை மட்டும் திரையில் காட்டினால் பெப்ரவரி 1. கணினியின் நேர வலயத்தை நியூயோர்க்குக்கு மாற்றிப் பார்த்தேன், உடனே 31 என்று காட்டியது. அமெரிக்காவில் இருந்து வாங்குபவர் எவருக்கும் இந்தப் பிழை தெரிய வராது. கண்டியிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து குடும்பத்துக்காகக் கணக்குப் பார்ப்பவருக்குத்தான் வரும். இதையும் விவரமாக எழுதி அனுப்பினேன். இன்று வரை பதில் இல்லை.

இப்போது லிப்ரே ஒபிஸில் நானே ஒரு கணக்குத்தாள் போட்டிருக்கிறேன். இரண்டு மாலை வேலை. நிறுவனத்தின் அட்டவணையை ஒருமுறை கையால் ஏற்றினேன். ஆண்டு தொடங்கும் நாளோடு எட்டு மாதம் கூட்டி ஒரு நாள் கழிக்க 'ஈடேட்' என்ற ஒரே சூத்திரம் போதும், அதில் நேரம் என்ற பேச்சே இல்லை. அதையே எதிர்த்திசையில் பதினொரு மாதம் பின்னோக்கி ஓட்டினால், மார்ச் பயணத்துக்குப் பதிவு திறப்பது ஏப்ரல் 13, அங்கே காலை எட்டு, இங்கே மாலை 5.30, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள். அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மாத முடிவில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைக் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை கூட்டி, இரண்டும் ஒத்துவந்தால்தான் மூடுவார். அதே போல இரவுவாரியாக ஒரு கூட்டலும் அறைவாரியாக ஒரு கூட்டலும் வைத்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் கட்டம் சிவப்பாகும்படி செய்திருக்கிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் இது முடியும். முடியாவிட்டால் உலாவியில் திறக்கும் கணிப்பான்களைப் பாருங்கள், அவற்றுக்கு எந்தக் கணினி என்பது பொருட்டில்லை. அங்கேயும் ஏற்கெனவே தெரிந்த ஒரு திகதியைக் கொடுத்துச் சோதித்த பிறகே நம்புங்கள்.

காசு கொடுத்தே வாங்குவதென்றால், லினக்ஸுக்கான கோப்பு எந்த வடிவில் வரும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். லினக்ஸுக்கே உரிய வடிவங்களான டெப், அப்இமேஜ், ஃபிளட்பக் ஆகியவற்றில் ஒன்றைப் பதிலாகச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் விட்டுவிடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் அன்றே படம் பிடித்து வையுங்கள். நான் பிடிக்கவில்லை. வங்கிக் கிளையில் முறைப்பாட்டுப் படிவத்தை வாங்கிய உத்தியோகத்தர், "விளம்பரத்தில் என்ன போட்டிருந்தது என்பதற்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டபோது, கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பென்குயின் அதே இடத்தில்தான் இருந்தது. அதன் கீழே, முன்பு இல்லாத மிகச் சிறிய சாம்பல் எழுத்தில், 'வைன் வழியாக' என்று சேர்த்திருந்தார்கள்.