அப்பாவின் டைரியும் அப்பாவின் சிடியும்: எது பேத்தி கைக்குப் போய்ச் சேரும்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில்தான் அப்பாவின் டைரிகள் இருந்தன. 1968-லிருந்து அவர் விடாமல் எழுதியவை. தண்ணீர் வடிந்ததும் எடுத்துப் பார்த்தால், எழுபதுகள் முழுக்க நீலக் கறை. அந்தக் காலத்தில் அப்பா இங்க் பேனாதான் வைத்திருந்தார். நான் பிறந்தது 1971. அன்றைய பக்கத்தில் அச்சடித்த தேதியும் கிழமையும் பளிச்சென்று இருந்தன. கீழே அப்பா எழுதியது மட்டும் சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி ஆகிவிட்டது. எண்பதுகளில் பால்பாயின்ட் பேனாவுக்கு மாறியிருந்தார். அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் எழுத்து அப்படியே நின்றது. ஓரத்தில் பென்சிலால் போட்ட பால் கணக்குகூட அழியவில்லை.

இதே அப்பா ஓய்வு பெற்ற பிறகு, 2002-ல், தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்டு தன் சின்ன வயதுக் கதையை 120 பக்கத்துக்கு எழுதி ஒரு சிடியில் போட்டு வைத்தார். வெள்ளத்துக்கு அடுத்த வருடம் அதைத் தேடிப் பிடித்தேன். அப்பா அப்போது இல்லை. வீட்டில் இருந்த எந்தக் கணினியிலும் சிடி போட இடமில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் போட்டுப் பார்த்தால் கோப்பு திறந்தது, தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குவியல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நாமெல்லாம் பாமினி, டிஸ்கி, டாப், வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருவிலோ குறியீட்டிலோ தட்டியதன் விளைவு இது. எழுத்துமாற்றி ஒன்றைப் பிடித்துச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. தண்ணீரே படாத சிடி, நனைந்த டைரியைவிட அதிக வேலை வாங்கியது.

அதிலிருந்து நம் எழுத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு எதில் விட்டுப்போவது என்ற யோசனை எனக்கு ஓயவில்லை. நோட்டா, கணினியா, அச்சுப் புத்தகமா?

நோட்டின் பெரிய பலம், அதைத் திறக்க எதுவும் வேண்டாம். கடவுச்சொல் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அப்புறம் கையெழுத்து. அப்பா கோபமாக இருந்த நாளில் பேனா அழுந்தியிருப்பது பின்பக்கத்தைத் தடவினாலே தெரியும். இதை வேறு எந்த வழியும் தராது. ஆனால் வருடப் பிறப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் டைரித் தாள் மட்டமானது. அமிலம் இருக்கும் தாள் பழுத்து, விளிம்பில் பொடிந்துவிடும். எழுதத் தொடங்குகிறவர்கள் அமிலம் நீக்கிய தாள் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பட்டாலும் எளிதில் கரையாத நிறமி மையோ பென்சிலோ போதும். கரையானும் ராமபாணப் பூச்சியும் வராமல் வசம்போ வேப்பிலையோ போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

நோட்டின் ஒரே பெரிய குறை, அது ஒற்றைப் பிரதி என்பது. ஓலைச்சுவடிகூட நம் ஊர் வெக்கையில் சில நூறு ஆண்டுகள்தான் தாங்கும். சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது, தலைமுறைக்குத் தலைமுறை யாரோ உட்கார்ந்து படியெடுத்ததால்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761-ல் சாகும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அது வெளியுலகத்துக்குத் தெரிந்தது 1846-ல்தான், கலுவா மொம்பிரேன் என்பவர் கண்டெடுத்துப் படியெடுத்தபோது. 85 வருடம் சும்மா கிடந்ததில் ஒரு மழைக்காலம் அதை முடித்திருக்கலாம் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

பிரதி என்று வந்துவிட்டால் கணினிக்கு நிகர் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு டைரிகளை மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். செலவே இல்லை. ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. பென் டிரைவ் வருடக்கணக்கில் கிடந்தால் தகவல் அழியலாம். ஹார்ட் டிஸ்க்கை அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்ற வேண்டும். கிளவுட் என்றால் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்குவோம் என்று கூகுள் 2023-ல் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014-ல் மூடப்பட்டது. அங்கே நாம் எழுதியதெல்லாம் இப்போது எங்கே?

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கூகுள் கணக்கு அமைப்பில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற பகுதி உண்டு. இத்தனை மாதம் நான் வராவிட்டால் இவர்களுக்குத் தகவல் சொல், இன்னின்ன கோப்பைக் கொடு என்று 10 பேர் வரை குறிப்பிடலாம். ஆப்பிளிலும் 2021 டிசம்பரிலிருந்து மரபுத் தொடர்பு என்று ஒருவரைச் சேர்க்க முடிகிறது. இன்றே செய்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. தமிழை யூனிகோடில் மட்டும் தட்டுங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்த பிடிஎஃப் ஒன்றும் போட்டு வையுங்கள்.

அச்சுப் புத்தகம்? செலவு உண்டு, ஆனால் 25 பிரதி போட்டால் 25 வீட்டில் இருக்கும். ஒரு வீட்டில் வெள்ளம் வந்தாலும் மதுரைச் சித்தி வீட்டில் இருக்கும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. நூல்களை நூலகங்களுக்கு அனுப்புவது பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிடுகிற நூல் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்; அங்கே ஒரு பிரதி இருப்பது குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு.

ஆனால் அச்சு என்றால் கத்திரி. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் 1984-ல் கிணற்றுப் பங்கு விஷயமாக நடந்த சண்டையை டைரியில் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெரியப்பா பிள்ளைகள் இன்றும் வாரம் ஒருமுறை பேசுகிறவர்கள். அப்பா எழுதியதைப் புத்தகமாக அச்சிட்டபோது அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அச்சான பிறகு டைரியைத் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதே இல்லை. புத்தகம் சொந்தக்காரர்களுக்கு. டைரி, எல்லாம் ஆறிப்போன பிறகு வரப்போகும் பிள்ளைக்கு.

என்னைக் கேட்டால், கணினியில் தட்டுங்கள், அச்சில் போடுங்கள், நோட்டையும் வைத்திருங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் அச்சு. கணினிக் கோப்பை வருடாவருடம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அலமாரியில் இருக்கும் புத்தகம் அத்தனை கவனிப்புக் கேட்பதில்லை.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் தம்பி மகள் போனில் வந்தாள். வயது 14. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. "அத்தை, தாத்தா என்ன எழுதியிருக்கார்னு நீங்களே வாசிச்சு அனுப்புங்களேன்" என்றாள். புத்தகத்தையும் படமெடுத்த பக்கங்களையும் கையில் வைத்திருக்கிற பிள்ளை! சரி என்று தினம் ஒரு பக்கம் வாசித்துக் குரல் பதிவாக அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். இப்போது 1983 மார்ச்சில் இருக்கிறோம். அப்பா முதல் முறையாக வீட்டுக்கு டிவி வாங்கப் போகிறார், பாட்டி வேண்டாம் என்கிறாள்.