ஷாட் நாய்ஸ் அளக்க எந்த ஃப்ரீக்வென்ஸி? மூணு செட்டப்பையும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

குவாண்டம் பாயிண்ட் காண்டாக்ட்ல (எலக்ட்ரான் போற குட்டிக் குறுகல், அகலத்தை கேட் வோல்டேஜால மாத்தலாம்) கரண்ட் எப்படி ஆடுதுன்னு அளக்கறதுதான் பல வருஷமா என் பொழப்பு. எலக்ட்ரான்கள் ஒவ்வொண்ணா வர்றதால கரண்ட் இப்படி ஆடுறதுதான் ஷாட் நாய்ஸ். புதுசா லேப் போடுறவங்க "எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம்"னுதான் முதல்ல கேக்குறாங்க, என்னைக் கேட்டா எந்த ஃப்ரீக்வென்ஸில உக்காரப் போறோம்னு முடிவு பண்ணிட்டுதான் கடைக்கே போகணும்.

முதல்ல சிக்னல் எவ்ளோன்னு பாருங்க. 1918ல ஷாட்கி சொன்ன கணக்குப்படி 1 நானோ ஆம்பியர் கரண்டுக்கு ஷாட் நாய்ஸ் ரூட் ஹெர்ட்ஸுக்கு 18 ஃபெம்டோ ஆம்பியர். நம்ம காண்டாக்ட், அதாவது 12.9 கிலோஓம் சாம்பிள், 20 மில்லிகெல்வின்ல சும்மா இருக்கும்போதே தர்ற தெர்மல் நாய்ஸ் 9 ஃபெம்டோ ஆம்பியர் கிட்ட. ஆம்ப்போட நாய்ஸும் சேந்துட்டா கெட்டிமேளத்துக்கு நடுவுல பக்கத்து சீட்டுக்காரர் முணுமுணுக்குறதைக் கேக்குற கதைதான்.

கிலோஹெர்ட்ஸ் ரேஞ்ச் மலிவு. ரூம் டெம்பரேச்சர் ஆம்ப் ரெண்டு, கிராஸ் கோரிலேஷன் (ரெண்டுலயும் பொதுவா வர்றதை மட்டும் எடுக்கறது), முடிஞ்சுது. ஆனா 50 ஹெர்ட்ஸும் அதோட பிள்ளைகுட்டிகளும், ஃப்ரிட்ஜைக் குளிரவைக்கிற பல்ஸ் ட்யூபோட அதிர்வுல கேபிளே கிளப்புற சார்ஜும், சாம்பிளோட 1/எஃப் நாய்ஸும் (ஃப்ரீக்வென்ஸி இறங்க இறங்க ஏறுறது) கீழ முழுக்க நிரம்பிக்கிடக்கும், மேல போலாம்னா ரெண்டு மூணு மீட்டர் கோஆக்ஸோட 300 பிகோஃபாரட் 40 கிலோஹெர்ட்ஸ்லயே கதவை சாத்திடும். நடுவுல சுத்தமா கிடைக்கறது 1 கிலோஹெர்ட்ஸ் ஜன்னல்னு வைங்க, ஒரு பாயிண்ட்டை ஆயிரத்துல ஒரு பங்கு துல்லியத்துக்குக் கொண்டுவர கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள கேட் வோல்டேஜ் நகந்துடும்.

அதனால எனக்குப் பிடிச்சது மெகாஹெர்ட்ஸ்தான். கேபிள் கப்பாசிட்டன்ஸை எதிரியா பாக்காம 66 மைக்ரோஹென்றி காயிலோட சேத்துடுங்க, கப்பாசிட்டன்ஸை 100 பிகோஃபாரட்ல அடக்கினா ரெசனன்ஸ் 2 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு மேடா வந்து உக்காரும், அகலம் 120 கிலோஹெர்ட்ஸ், மேல சொன்ன அதே துல்லியம் பத்து செகண்டுக்குள்ள. ஃப்ரிட்ஜோட 4 கெல்வின் தட்டுல ஆம்ப்பா ஒரு ஹெம்ட் (நாய்ஸ் கம்மியான ஒரு வகை) ட்ரான்சிஸ்டர், அதோட சொந்த 1/எஃப் நாய்ஸும் இந்த உயரத்துல பெரும்பாலும் அடங்கிடும். ஃபெரைட் கோர் காயில் மட்டும் வேணாம், குளிர்லயும் மேக்னடிக் ஃபீல்டுலயும் அது வேற ஆளாயிடும், செராமிக் கோர் போடுங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, காண்டாக்டைத் திறந்து மூடினா ரெசிஸ்டன்ஸ் மாறும், அதோட அந்த மேட்டோட உயரமும் அகலமும் சேந்து மாறும். அதனால ஒரே ஃப்ரீக்வென்ஸில வோல்டேஜை மட்டும் படிச்சு நாய்ஸ்னு சொல்லக்கூடாது, ஒவ்வொரு பாயிண்ட்லயும் மொத்த மேட்டையும் ஃபிட் பண்ணணும். கேலிபிரேஷனுக்கு பயாஸை (சாம்பிளுக்குக் குடுக்குற வோல்டேஜ்) சைபராக்கிட்டு ஃப்ரிட்ஜை 20லேர்ந்து சில நூறு மில்லிகெல்வின் வரைக்கும் மெதுவா சூடாக்குங்க. நாய்ஸ் நேர்கோட்டுல ஏறும், சரிவு கெயினைத் தரும், மிச்சம் ஆம்ப்போடது. அலுப்பான வேலை, ஒவ்வொரு கூல்டவுன்லயும் பண்ணுங்க, பழைய நம்பரை நம்பாதீங்க.

எல்லாம் சரியா இருந்தா பாக்கவே அழகா இருக்கும், கேட்டை ஓட்டிக்கிட்டே போனா கண்டக்டன்ஸ் படிப்படியா ஏறும், முதல் படில போய் நின்னதும் கரண்ட் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே கூடுதல் நாய்ஸ் (தெர்மலுக்கு மேல வர்றது) சைபர் கிட்ட விழுந்துடும், பாதிப் படில ஷாட்கி சொன்னதுல சரி பாதி. லெசோவிக் 1989லயும் பியூட்டிக்கர் 1990லயும் தியரில சொன்னதை இஸ்ரேல்ல வைஸ்மன் குரூப் 1995லயும் பிரான்ஸ்ல சாக்லே குரூப் 1996லயும் அளந்தாங்க, அடுத்த வருஷமே ரெண்டு இடத்துலயும் இதே நாய்ஸை வெச்சு மூணுல ஒரு பங்கு எலக்ட்ரான் சார்ஜைப் புடிச்சுட்டாங்க.

கிகாஹெர்ட்ஸ்? கேள்வியே ஃப்ரீக்வென்ஸி பத்தினதா இருந்தா மட்டும் போங்க. 6 கிகாஹெர்ட்ஸ் போட்டானுக்கு 25 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட், பயாஸ் 25 மைக்ரோவோல்ட்டைத் தாண்டுற வரைக்கும் எலக்ட்ரானால அதை வெளியே விட முடியாது, அதனால கூடுதல் நாய்ஸ் தட்டையா கிடந்து அங்கதான் கிளம்பும். 1997லயே யேல்ல ஷோல்கோப் குரூப் 20 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் இந்த முறிவைக் காட்டிட்டாங்க, அவங்க எடுத்தது உலோகக் கம்பி, 50 ஓமுக்குப் பக்கத்துல கொண்டுவந்துடலாம். நம்ம 12.9 கிலோஓமை நேரா 50 ஓம் லைன்ல மாட்டினா பவர் ஒன்றரை பர்சென்ட்தான் வெளிய வரும், மேட்சிங் சர்க்யூட் (ரெண்டு ஓமையும் பொருத்துறது) போட்டா பேண்ட்விட்த் சுருங்கிடும், ரெண்டுல எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேணும். அகல பேண்டும் விடாம மேட்சிங்கும் போட்டு ஓட்டுறவங்க இருந்தா என்ன டிசைன்னு கீழ எழுதுங்க, எனக்கு அடுத்த சாம்பிளுக்கு வேணும்.