ஆறு சதவீதமா, அசல் கணக்கா? சிறு வியாபாரியின் வருமான வரி

மார்ச் பிறந்தால் கடைவீதிகளில் ஒரே கேள்விதான்: "44-ஏ.டி.யிலேயே போட்டுடலாமா, இல்ல கணக்கு எழுதிக் காட்டணுமா?" ஆடிட்டர் ஒன்று சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் வேறொன்று சொல்வார். 44-ஏ.டி. என்பது விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்ட விடும் வருமான வரிச் சட்டப் பிரிவு; மற்றது கணக்கு எழுதி அசல் லாபத்தைக் காட்டும் வழி. சட்டப்படி இரண்டு வழியும் சரிதான். ஆனால் எதை எடுப்பது என்பதற்கு இத்தனை வருடம் சொல்லிவந்த காரணம், 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு பெரும்பாலான சிறு கடைகளுக்குப் பொருந்தாமல் போய்விட்டது. பலர் இன்னும் அதைக் கவனிக்கவில்லை.

கீழே வரும் கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கானது. தனிநபர் பெயரில் நடக்கும் வியாபாரத்துக்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. கடைவீதியில் இன்னும் பல வருடம் 44-ஏ.டி. என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

உத்தேச வழி எப்படி வேலை செய்கிறது

44-ஏ.டி.யில் லாபத்தை நீங்கள் கணக்குப் போட வேண்டாம், சட்டமே போட்டுவிடும். வருட விற்பனையில் ரொக்கமாக வந்த பகுதிக்கு 8 சதவீதம், வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ வந்த பகுதிக்கு 6 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்வார்கள். கடை வாடகை, ஆள் கூலி, கரண்ட் பில், தேய்மானம் (மெஷினும் சாமானும் பழசாவதால் குறையும் மதிப்பு) எல்லாம் அதற்குள்ளேயே கழிந்துவிட்டதாக அர்த்தம். தனியாக எதையும் கழிக்க முடியாது. மார்ச் 31-ல் கடனாக நின்ற விற்பனைக்கும் 6 சதவீதம் கிடைக்கும். ரிட்டர்ன் கெடு தேதிக்குள் அந்தப் பணம் வங்கி வழியாக வந்து சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விற்பனை வரம்பு 2 கோடி. ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி. இதில் ஒரு சின்னப் பொறி உண்டு: கணக்கில் மட்டும் வரவு வைக்கும்படி கோடு போடாத காசோலையும் ரொக்கமாகத்தான் எண்ணப்படும்.

வருடம் முடியும் முன்பே கட்ட வேண்டிய முன்பண வரியிலும் சலுகை இருக்கிறது. மற்றவர்கள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை கட்ட வேண்டும். உத்தேச வழிக்காரர் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் முடித்துக்கொள்ளலாம்.

அசல் கணக்கு வழியில் எல்லாமே தலைகீழ். கொள்முதல், விற்பனை, செலவு எல்லாவற்றுக்கும் பில்லும் பேரேடும் வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். பதிலுக்கு, உண்மையான லாபம் எவ்வளவோ அதற்கு மட்டும்தான் வரி. நஷ்டம் வந்தால் நஷ்டம் என்றே காட்டலாம்.

பழைய வாதம் எங்கே தோற்கிறது

"எனக்கு நிற்கிறதே நாலு சதவீதம், ஆறுக்கும் எட்டுக்கும் எதுக்கு வரி கட்டணும்?" மளிகைக் கடைக்காரர்கள் வெகுகாலமாகக் கேட்ட நியாயமான கேள்வி இது. இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள்.

வருடம் 90 லட்சம் விற்கும் ஒரு மளிகைக் கடை. 60 லட்சம் யு.பி.ஐ.யிலும் வங்கியிலும், 30 லட்சம் ரொக்கத்தில். 60 லட்சத்துக்கு 6 சதவீதம் 3.6 லட்சம், 30 லட்சத்துக்கு 8 சதவீதம் 2.4 லட்சம். ஆக உத்தேச லாபம் 6 லட்சம். கணக்கு எழுதினால் அசல் லாபம் 3.6 லட்சம்தான் என்றே வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி இருப்பதால் இரண்டு வழியிலும் வரி பூஜ்யம். 2.4 லட்சம் குறைத்துக் காட்டுவதற்காக வருடம் முழுக்கப் பில் சேர்த்துக் கணக்கு எழுதியவருக்கு வரியில் ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். முழுக்க வங்கி வழியாக 2 கோடி விற்றாலும் 6 சதவீதம் சரியாக 12 லட்சம். முழுக்க ரொக்கம் என்றால் ஒன்றரைக் கோடி வரை அதே 12 லட்சம். வேறு வருமானம் இல்லாதவருக்கு அதுவரை வரியே கிடையாது. வீட்டு வாடகையோ எஃப்.டி. வட்டியோ சேர்ந்து 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி ஒரு நிவாரணமும் உண்டு. பங்கு விற்ற லாபம் மாதிரி தனி விகிதத்தில் வரி விழும் வருமானத்துக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி பொருந்தாது. பங்குகளைக் குறுகிய காலத்தில் வாங்கி விற்பவர் உத்தேச வழிக்கான எளிய ரிட்டர்ன் படிவமான ஐ.டி.ஆர்-4 போடவும் முடியாது, பெரிய படிவமான ஐ.டி.ஆர்-3 போட வேண்டும், அதற்காக 44-ஏ.டி. சலுகை போய்விடாது.

ஆகவே "வரி குறையும்" என்பதற்காக மட்டும் ஒரு சிறு கடை அசல் கணக்குக்கு மாறுவதில் இப்போது பெரிய அர்த்தம் இல்லை. மாறுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றை அடுத்துப் பார்ப்போம்.

அசல் கணக்கு ஜெயிக்கும் இடங்கள்

முதலாவது, விற்பனை பெரிது, லாபம் பொடி என்கிற வியாபாரம். செல்போன் மொத்த விற்பனை, சர்க்கரை, எண்ணெய், சிமெண்ட் ஏஜென்சி இந்த ரகம். முழுக்க வங்கியிலேயே 2.8 கோடி விற்கிறார், நிற்பது 2 சதவீதம், அதாவது 5.6 லட்சம். உத்தேச வழியில் இவர் காட்ட வேண்டியது 16.8 லட்சம். புதிய முறையில் அதற்கு வரி 1,36,000. 4 சதவீத செஸ்ஸோடு 1,41,440 ரூபாய். கணக்கு எழுதினால் பூஜ்யம். இங்கே யோசிக்கவே வேண்டாம். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை கட்டாயத் தணிக்கையும் இல்லை. ரொக்கம் அதைத் தாண்டினால் வரம்பு 1 கோடிக்கு இறங்கிவிடும்.

இரண்டாவது, மெஷின் வாங்கியவர்கள். கோவையிலோ ஓசூரிலோ லேத் பட்டறை வைத்திருப்பவர் 25 லட்சத்துக்கு ஒரு சி.என்.சி. மெஷின் இறக்குகிறார். அசல் கணக்கில் முதல் வருடமே 15 சதவீதம், அதாவது 3.75 லட்சம் தேய்மானம் கழிக்கலாம். மெஷின் அந்த வருடம் 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும். கடன் வட்டி தனி. இரண்டும் சேர்ந்து அந்த வருடம் நஷ்டமாகவே போகலாம். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் வியாபார நஷ்டத்தை 8 வருடம் வரை முன்னே எடுத்துச் சென்று வருங்கால லாபத்தில் கழிக்கலாம். உத்தேச வழியில் நஷ்டம் என்ற பேச்சே கிடையாது. அதைவிட மோசம், தேய்மானம் கழித்தது போலவே பாவித்து மெஷினின் மதிப்பை வருடாவருடம் குறைத்துவிடுவார்கள். மூன்று வருடம் 44-ஏ.டி.யில் இருந்துவிட்டுக் கணக்குக்கு வந்தால் 25 லட்சம் மெஷின் சுமார் 15.35 லட்சமாக நிற்கும். நடுவில் போன 9 லட்சத்துச் சொச்சம் போனதுதான்.

மூன்றாவது கடன். பெரிய தொகை கேட்கும்போது வங்கி, லாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் கேட்கும். ஐ.டி.ஆர்-4-ல் சரக்கு இருப்பு, கையிருப்பு, வரவேண்டிய பாக்கி என்று நாலைந்து வரிகள்தான். அதை வைத்துக்கொண்டு மேலாளரிடம் அதிகம் வாதாட முடியாது.

ஆனால் இந்த மூன்றாவது காரணத்துக்கு உத்தேச வழிக்குள்ளேயே பாதி மருந்து இருக்கிறது. 6, 8 என்பவை குறைந்தபட்சம். அதற்கு மேல் சம்பாதித்தால் மேலேதான் காட்ட வேண்டும் என்பதே சட்டத்தின் போக்கு. நடைமுறையில் எல்லோரும் ஆறிலேயே நிறுத்திக்கொண்டார்கள். மேலே சொன்ன அதே 90 லட்சம் கடையில் உண்மையாகவே 9 லட்சம் நிற்கிறது என்றால், 6 லட்சம் காட்டினாலும் 9 லட்சம் காட்டினாலும் புதிய முறையில் வரி பூஜ்யம். 9 காட்டியவருக்கு வீட்டுக் கடன் தகுதி கூடும். நாளை மனை வாங்கும்போது "பணம் எங்கிருந்து வந்தது" என்ற கேள்விக்குப் பதில் ரிட்டர்னிலேயே இருக்கும். பழக்கத்தால் ஆறிலேயே நிற்பவர்கள் இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஐந்து வருடப் பூட்டு

இரண்டு வழிக்கும் நடுவில் இஷ்டத்துக்குப் போய்வர முடியாது. 44-ஏ.டி.யில் ஒருமுறை நுழைந்தால் அடுத்த ஐந்து வருடமும் அதிலேயே இருக்கச் சட்டம் எதிர்பார்க்கிறது. நடுவில் ஒரு வருடம் லாபத்தைக் குறைத்துக் காட்டி வெளியே வந்தால், அடுத்த ஐந்து வருடத்துக்கு உள்ளே வர முடியாது. 2025-26-ல் வெளியேறியவருக்கு 2030-31 வரை கதவு சாத்தியிருக்கும். வெளியேறும் வருடத்திலும் அந்த ஐந்து வருடங்களிலும் மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் புத்தகமும் வேண்டும், தணிக்கையும் வேண்டும்.

அந்த வரம்பு எது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தள்ளுபடிக்கான 12 லட்சம் வேறு, அடிப்படை விலக்கு வேறு. புதிய முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம். மேலே பார்த்த செல்போன் வியாபாரி போன வருடம் வரை 44-ஏ.டி.யில் இருந்து இந்த வருடம் 5.6 லட்சம் காட்டி வெளியேறினால், வரி பூஜ்யமாக இருந்தும் தணிக்கை கட்டாயம். முதலிலிருந்தே கணக்கு எழுதிவந்த இன்னொரு செல்போன் வியாபாரிக்கு, அதே விற்பனையில், அதே லாபத்தில், தணிக்கை இல்லை. பொடி லாப வியாபாரம் தொடங்குகிறவர் முதல் வருடமே யோசித்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பழைய வரி முறை

சேமிப்பு, காப்பீடு என்று பல கழிவுகளைத் தரும் பழைய முறைக்கு நீளமான அலசல் தேவையில்லை. 12 லட்சத்துக்குள் இருக்கும் வியாபாரிக்குப் புதிய முறையில் பூஜ்யம். பூஜ்யத்தை எந்த எல்.ஐ.சி. பாலிசியும் வெல்லாது. 16.8 லட்சம் காட்டுகிறவர் பழைய முறையில் அதே வரிக்கு வர 6 லட்சம் கழிவு வேண்டும். சேமிப்புக்கு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், என்.பி.எஸ். ஓய்வூதியச் சேமிப்புக்கு 50,000 என்று எல்லாவற்றையும் முழுசாகப் போட்டாலும் 4.25 லட்சம்தான் வருகிறது. சம்பளக்காரருக்குக் கிடைக்கும் நிலைக்கழிவும் வியாபாரிக்கு இல்லை. போதாக்குறைக்கு, வியாபாரி பழைய முறைக்குப் போகக் கெடு தேதிக்குள் படிவம் 10-ஐ.இ.ஏ. தர வேண்டும். பிறகு புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், வியாபாரம் நடக்கும்வரை மறுபடி பழைய முறைக்குப் போக முடியாது. சம்பளக்காரர் போல வருடாவருடம் மாற்றிக்கொள்ளும் வசதி இங்கே இல்லை.

யாருக்கு இந்தக் கேள்வியே எழாது

கமிஷன் மண்டி நடத்துபவருக்குக் கிடைப்பது தரகு வருமானம். அதற்கு 44-ஏ.டி. கிடையாது. எல்.ஐ.சி. ஏஜென்டுக்கும் அப்படித்தான். டாக்டர், வக்கீல், இன்ஜினியர் போன்றோருக்குத் தனிப் பிரிவு, 44-ஏ.டி.ஏ.; வரவில் பாதி லாபம் என்று எடுப்பார்கள், வரம்பு 50 லட்சம், ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம். பத்து வண்டி வரை வைத்திருக்கும் லாரிக்காரருக்கு 44-ஏ.இ. எல்.எல்.பி.க்கும் (வரம்புப் பொறுப்புக் கூட்டு நிறுவனம்) கம்பெனிக்கும் அசல் கணக்கு மட்டும்தான். பங்குதாரர் நிறுவனம் 44-ஏ.டி.யில் வரலாம், ஆனால் பங்காளிகளுக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் வட்டியையும் உத்தேச லாபத்திலிருந்து கழிக்க முடியாது. அதனால் பல கூட்டு வியாபாரங்களுக்கு இது கட்டுப்படியாவதில்லை.

எந்த வழியில் போனாலும் கடைக்கென்று தனி நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மச்சினன் திருப்பித் தந்த கைமாற்றும் சீட்டுப் பணமும் கடையின் க்யூ.ஆர். கோடு வழியாகவே வந்தால், எது விற்பனை, எது இல்லை என்று பின்னால் பிரித்துக் காட்டுவது உங்கள் தலையில்தான் விழும். ஜி.எஸ்.டி.யில் காட்டிய விற்பனை வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் தெரியும். ரிட்டர்னில் போடும் விற்பனை அதோடு ஒத்துப்போக வேண்டும்.

வழி மாறுவதாக முடிவு செய்தால், கடந்த ஐந்து வருட ரிட்டர்ன்களை எடுத்து எந்த வருடம் 44-ஏ.டி.யில் லாபம் காட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல கடைகளில் அது முதலாளிக்கே தெரியாது. கணக்கு எழுதும் பையன் ஏதோ ஒரு வருடம் அவசரத்தில் போட்டுவிட்டிருப்பான், பூட்டு அந்த வருடத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.