ஆறு சீசன் காத்திருந்து, ஒரு எழுத்துப்பிழையில் மாட்டிய திருடன்

2021 மே 2-ஐ நான் லேசில் மறக்கமாட்டேன். அதிகாலை மூன்றரைக்கே எழுந்து தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவு பார்க்க உட்கார்ந்தேன். லண்டனில் மூன்றரை என்றால் ஊரில் எட்டு மணி, எண்ணத் தொடங்கும் நேரம். மத்தியானம் கொஞ்சம் தூங்கி எழுந்து, இரவு ஒன்பதுக்கு மறுபடியும் டிவி முன்னால். இந்தத் தடவை பிரிட்டிஷ் போலீஸ் தொடரான 'லைன் ஆஃப் டியூட்டி' ஆறாம் சீசனின் கடைசி எபிசோட். காலையில் வந்தது ஓரளவு எதிர்பார்த்த முடிவு. இரவு வந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை, ஆனாலும் சப்பென்று இருந்தது.

இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லாமல் முடிவைத் திட்ட எனக்குத் தெரியாது.

போலீசைப் பிடிக்கும் போலீஸ்தான் ஏசி-12. அதன் தலைவர் ஹேஸ்டிங்ஸ், அவருக்குக் கீழே ஸ்டீவ், கேட். 2012-இல் பிபிசி டூவில் சத்தமில்லாமல் ஆரம்பித்து, நான்காம் சீசனில் பிபிசி ஒன்னுக்குப் போன தொடர். துப்பாக்கிச் சண்டையெல்லாம் உண்டுதான், ஆனால் ஜீவன் இருப்பது அந்தக் கண்ணாடி அறை விசாரணையில். ரெக்கார்டர் 'பீ...' என்று நீளமாக அலறத் தொடங்கினால் நான் அடுப்பில் இருக்கும் குக்கரை அணைத்துவிடுவேன். விசில் குறுக்கே வந்து ஒரு வசனமும் போய்விடக் கூடாது.

மூன்றாம் சீசன் முடிவில், ஏசி-12-க்குள்ளேயே இருந்த கறுப்பு ஆடு டாட் காட்டன் சாகும்போது விட்டுப்போன துப்பு 'ஹெச்'. ரவுடிக் கும்பலுக்கு உதவும் ஊழல் போலீஸ் தலையின் ரகசியப் பெயர் அது. ஐந்தாம் சீசனில் அதே வீடியோவைத் திரும்பப் பார்த்தால், அவன் விரல் நான்கு முறை தட்டுகிறது. மோர்ஸில் நான்கு புள்ளி என்றால் ஹெச். அதாவது ஹெச் என்பது ஒரு ஆள் இல்லை, நாலு பேர்! அந்த நாலாவது ஆள் யார் என்பதுதான் ஆறாம் சீசன் முழுக்க எங்களைத் தூங்கவிடாத கேள்வி. என் பணம், ஏசி-12-ஐயே குடைந்தெடுக்கும் மேலதிகாரி கார்மைக்கேல் மேல். அந்த அம்மா பேனாவைத் தட்டும் விதத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கடைசியில் அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது பக்கெல்ஸை. முதல் சீசனிலேயே வந்துபோன, எந்த வேலையையும் உருப்படியாக முடிக்காத, ஆனாலும் எப்படியோ பதவி உயர்ந்துகொண்டே போன மனிதர்.

யோசனையாக இது எனக்குப் பிடித்தது. ஊழலுக்குப் பெரிய மூளை வேண்டியதில்லை, இந்தத் தாளை அந்த மேஜைக்குத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினால் போதும் என்று சொல்ல வருகிறார் எழுத்தாளர் ஜெட் மெர்க்யூரியோ. சரி. ஆனால் அதைச் சொல்ல எங்களுக்கு இத்தனை வருஷம் ராவணனைக் காட்டுகிறேன் என்று ஆசை காட்டியிருக்க வேண்டாமே. அதுவும் முந்தைய வாரம், இந்தச் சீசனில் சந்தேகத்துக்கு ஆளான போலீஸ் அதிகாரி ஜோ டேவிட்சனின் விசாரணை எபிசோடில் பாதியை விழுங்கியது. வாய் உலர்ந்துபோய்ப் பார்த்தேன். நாலாவது ஆளுக்கு அந்த மரியாதைகூட இல்லை. நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்த மாதிரி இருந்தது.

அவர் மாட்டியது எப்படி? 'டெஃபினிட்லி' என்ற சொல்லில் ஐ வரவேண்டிய இடத்தில் ஏ போட்டு எழுதுவார். கும்பலுக்குப் போன ரகசியச் செய்திகளிலும் அதே பிழை. நம் ஊரில் 'முயற்ச்சி' என்று எழுதுவார்களே, அந்த மாதிரி. அப்பா தமிழ் வாத்தியார், சிவப்பு மையாலேயே வாழ்ந்தவர், இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் உள்ளே போகவேண்டும்.

இன்னொரு கோபம்: மார்கஸ் தர்வெல் என்று ஒரு பெரிய புள்ளியைக் காட்டி, அதற்கு ஜேம்ஸ் நெஸ்பிட் முகத்தையும் போட்டு, கடைசிவரை வெறும் போட்டோவாகவே வைத்துவிட்டார்கள். ஸ்பெயினில் பிணம் கிடைத்ததாம். அவ்வளவுதான்.

அதே எபிசோடில்தான் ஹேஸ்டிங்ஸ், கார்மைக்கேல் முன்னால் போய், கும்பலுக்குள் ரகசியமாக ஊடுருவியிருந்த போலீஸ்காரர் கார்பெட் சாகத் தன் வாய்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ளும் காட்சியும் இருக்கிறது. ஹேஸ்டிங்ஸாக நடித்த ஏட்ரியன் டன்பார் குரலை உயர்த்தவே இல்லை. எதிரே கார்மைக்கேலாக வரும் அனா மேக்ஸ்வெல் மார்ட்டின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. அந்த இரண்டு பேருக்காகவே இந்த எபிசோடை இன்னொரு முறை பார்க்கலாம்.

அன்று இரவு 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்களாம். மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார். வடக்கு அயர்லாந்துக்காரர். 'வீ' என்றால் குட்டி என்று ஹேஸ்டிங்ஸின் 'ஜீசஸ், மேரி, ஜோசஃப், அந்த வீ டாங்கி' என்ற கழுதை வசனத்துக்கு எனக்கு அர்த்தம் சொன்னவர். "பக்கெல்ஸா?" என்றார். "பக்கெல்ஸ்தான்" என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது முதல் சீசனிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கெல்ஸ் வந்தால் நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்த முகத்தையே பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. பக்கெல்ஸாக நடித்த நைஜல் பாய்ல் அவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறாரா, இல்லை, தான்தான் அந்த ஆள் என்று அப்போது அவருக்கே தெரியாதா?