கொமினோவா, டீலோஸா? ஒரே அளவுள்ள இரு தீவுகள்

மத்திய தரைக்கடலில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சிறு தீவுக்குக் காலையில் சென்று மாலையில் திரும்பிவிட வேண்டும் என்று எண்ணுவோர் முன் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும்: மால்டா தீவுக்கும் கோசோ தீவுக்கும் இடையில் உள்ள கொமினோ, கிரேக்கத்தின் மிக்கோனோஸ் தீவை அடுத்துள்ள டீலோஸ். இரண்டும் ஏறத்தாழ மூன்றரை சதுர கிலோமீட்டர் பரப்புடையவை. கொமினோவில் நிலையாகக் குடியிருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். டீலோஸிலோ காவலர்களும் அகழாய்வாளர்களும் தவிர வேறு எவரும் இரவு தங்க இயலாது. ஒற்றுமை இவ்வளவுதான்.

கொமினோவுக்குச் செல்வது எளிது. மால்டாவின் தலைநகர் வலேட்டாவிலிருந்து 41 அல்லது 42 எண் பேருந்தில் ஏறித் தீவின் வடகோடியான சிர்கெவ்வாவில் இறங்கினால், அரை மணிக்குள் படகு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வருவோரில் பெரும்பாலோர் புளூ லகூன் என்னும் ஆழமற்ற நீலநிறக் கடற்பகுதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே துண்டு விரிக்கக்கூடப் பாறை கிடைப்பது அரிது. நெரிசலைக் குறைப்பதற்காக 2025 முதல் அங்கு இறங்குவோர் நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தனிமையைத் தேடிப் போகிறவருக்குக் கோடைகால புளூ லகூன் பெரும் ஏமாற்றத்தையே தரும்.

ஆனால் ஏப்ரலிலோ அக்டோபரிலோ சென்று, இறங்கியவுடன் புளூ லகூனுக்கு முதுகைக் காட்டித் தெற்கே நடந்தால், கொமினோ வேறொரு தீவாகிவிடுகிறது. கடலிலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பை ஒட்டி, அப்போது மால்டாவை ஆண்ட புனித ஜான் படைவீரர்களின் தலைவர் அலோஃப் டி விக்னகூர் 1618இல் கட்டுவித்த காவற்கோபுரம் நிற்கிறது. அதற்கான செலவில் பெரும்பகுதி இத்தீவின் புதர்விறகை விற்றே திரட்டப்பட்டது என்பார்கள். பாதையில் காரோட்டம் அநேகமாக இல்லை; முழங்காலளவு தைம் செடிகளில் கால் உரசும்போது எழும் மணம் நெடுந்தூரம் கூட வருகிறது. அங்கிருந்து வடக்கே சாந்தா மரியா விரிகுடாவரை நடந்து குளித்துத் திரும்ப அரைநாள் போதும். வசந்தத்தில் கடல்நீர் நன்றாகக் குளிரும். நீச்சலே முதன்மையான நோக்கமென்றால் அக்டோபரே நல்லது.

டீலோஸ் அப்படி நம் விருப்பத்துக்கு வளைந்து கொடுக்காது. அது முழுக்க முழுக்கத் தொல்லியல் தளம். நுழைவுச்சீட்டு உண்டு, மாலைக்குள் வெளியேறியாக வேண்டும். அப்போலோ என்னும் கடவுள் பிறந்த இடமாகக் கிரேக்கர்கள் போற்றிய இத்தீவில், கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் கல்லறைகளைத் தோண்டி அகற்றி, இனி இங்கே யாரும் பிறக்கவோ இறக்கவோ கூடாது என்று ஆணையிட்டனர். கருவுற்றவர்களும் மரணப் படுக்கையில் இருந்தவர்களும் எதிரிலுள்ள ரீனியா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கி.மு. 166இல் ரோமானியர் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கியபின் வணிகர்கள் குவிந்தனர். கி.மு. 88இல் ரோமானியரை எதிர்த்துப் போரிட்ட பொந்துஸ் நாட்டு மன்னன் மித்ரிடாட்டஸின் படை சூறையாடியதிலிருந்து அது மீளவே இல்லை.

இங்கே என்னை மிகவும் கவர்வது புகழ்பெற்ற சிங்கச் சிலைகளின் வரிசையன்று (வெளியே நிற்பவை நகல்களே). பழைய நாடக அரங்கின் கீழே, கல் வளைவுகள் வரிசையாக மேல்மூடியைத் தாங்கியிருந்த பெரிய நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது. ஆறில்லாத தீவில் அரங்கின் சரிவில் விழுந்த மழைநீரை வீணாக்காமல் வாய்க்கால் வழியே அதில் சேர்த்தார்கள். வீடுகளின் முற்றங்களுக்கு அடியிலும் இத்தகைய தொட்டிகள் உண்டு. அவற்றின் விளிம்பில் நிற்கும்போதுதான், இங்கே ஒரு நகரமே அன்றாடம் சமைத்துக் குடித்து வாழ்ந்தது என்பது மனத்தில் பதிகிறது. 112 மீட்டர் உயரமுள்ள கிந்தோஸ் குன்றில் ஏறினால் சுற்றியுள்ள சைக்ளடீஸ் தீவுகள் தெரியும். ஏறுவதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். நிழல் என்பது அறவே கிடையாது.

குழந்தைகளோடும் நீச்சல் ஆசையோடும் போகிறவர்களுக்குக் கொமினோவே பொருந்தும். ஒரே ஒரு நாள்தான் என் கையில் இருந்தால், தயக்கமின்றி டீலோஸின் முதல் படகில் ஏறுவேன். மிக்கோனோஸிலிருந்து பயணம் அரை மணிதான். ஆயினும் கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று வலுத்தால் படகுகள் நின்றுவிடும். ஆகவே மிக்கோனோஸில் மூன்று நாள் தங்குபவர்கள் டீலோஸைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்காமல் முதல் நாளிலேயே வைத்துக்கொண்டால், காற்று மறித்தாலும் கையில் இன்னும் இரண்டு காலைகள் இருக்கும்.