வீட்டுக் காப்பீட்டு இழப்பீட்டுச் சேவை: நீர்ச்சேதத்தில் நிறைவு, நகை விஷயத்தில் ஏமாற்றம்

ஏழு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் வீட்டுக் காப்பீட்டைத் தவறாமல் புதுப்பித்து வந்த நான், அதன் இழப்பீட்டுப் பிரிவை முதன்முறையாக நாடியது கடந்த ஆண்டில்தான். நாங்கள் வெளியூர் சென்றிருந்த நான்கு நாட்களுக்குள் குளியலறைச் சுவரினுள் செல்லும் குழாய் உடைந்து, கூடத்தின் மரத்தளமும் புத்தக அலமாரியும் படுக்கையறைச் சுவரும் ஊறிப்போயிருந்தன. சீரமைப்பு நடந்த ஐந்து வாரங்கள் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியபோது, பெட்டியில் வைத்திருந்த அம்மாவின் சங்கிலியையும் என் கைக்கடிகாரத்தையும் காணவில்லை. ஒரே பாலிசியின் கீழ் இப்படி இரண்டு கோரிக்கைகள் எழுந்தன.

முதல் கோரிக்கையை அவர்கள் கையாண்ட விதத்தை மனமாரப் பாராட்டுகிறேன். தொலைபேசியில் பேசிய பெண்மணி கோரிக்கை எண்ணைக் கொடுத்ததோடு நிற்காமல், தண்ணீரின் முதன்மை வால்வை மூடும்படியும், எதையும் நகர்த்துவதற்கு முன் எல்லா அறைகளையும் படம் எடுக்கும்படியும், ஈரத்தை உலர்த்தும் வேலையை உடனே தொடங்கி ரசீதுகளைப் பத்திரப்படுத்தும்படியும் பொறுமையாகச் சொன்னார். சேதம் மேலும் பரவாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை என்பதும், அதற்காகச் செய்த நியாயமான செலவைக் கோரலாம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கெட்டுப்போன பொருட்களை, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை அப்புறப்படுத்த வேண்டாம் என்றும் அவர் வற்புறுத்தினார்.

மூன்றாம் நாள் வந்த சர்வேயர் ஈரப்பதமானியைச் சுவரில் பல இடங்களில் வைத்துக் குறித்துக்கொண்ட பிறகு, உடைந்த குழாயைக் காட்டச் சொன்னார். நல்லவேளையாக, குழாய் பழுது பார்த்தவர் அதை எடுத்துச் செல்ல முனைந்தபோது நான் தடுத்து வைத்திருந்தேன். குழாய் திடீரென உடைந்ததா, பல மாதங்களாகக் கசிந்துகொண்டிருந்ததா என்ற கேள்விதான் இத்தகைய கோரிக்கை ஏற்கப்படுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது; மெல்ல மெல்ல நேரும் கசிவைப் பராமரிப்புக் குறைவாகக் கருதிப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. குழாயின் பிளவு புதியது என்று அவர் அறிக்கையில் எழுதினார். சுவரை உடைத்து மீண்டும் பூசிய செலவும் தளத்தின் செலவும் ஏற்கப்பட்டன. புதிய குழாயின் விலை மட்டும் ஏற்கப்படவில்லை. நீரால் விளைந்த சேதத்துக்குத்தான் காப்பீடே தவிர, பழுதான குழாய்க்கு அல்ல என்ற விளக்கம் எனக்கு நியாயமாகவே பட்டது.

கைக்கு வந்த தொகை நான் கணக்கிட்டிருந்ததைவிடக் குறைவாக இருந்ததற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். கட்டடத்துக்கு நாங்கள் எடுத்திருந்த காப்பீட்டுத் தொகை, அதை இன்று மீண்டும் கட்ட ஆகக்கூடிய செலவில் 80 சதவீதமே என்று சர்வேயர் கணக்கிட்டார். அப்படியானால் எங்கள் பாலிசியின்படி இழப்பு 100 என்றாலும் 80தான் கிடைக்கும். மீதி 20 நம் பொறுப்பு. சிறிய சேதத்துக்கும் இந்த விகிதம் பொருந்தும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. காப்பீட்டுத் தொகைக்குள் அடங்கும் எந்த இழப்பும் முழுமையாகக் கிடைத்துவிடும் என்றே ஏழு ஆண்டுகளும் நம்பியிருந்தேன். புத்தக அலமாரிக்கு அதன் வயதுக்கேற்பத் தேய்மானமும் கழிக்கப்பட்டது, ஏனெனில் எங்கள் பாலிசியில் கட்டடத்துக்கு மட்டுமே மீளமைப்பு மதிப்பு, அதாவது புதிதாக அமைக்க ஆகும் செலவு; வீட்டுப் பொருட்களுக்குத் தேய்மானம் போக எஞ்சும் சந்தை மதிப்புதான்.

காணாமல்போன பொருட்களுக்கான இரண்டாம் கோரிக்கையில் என் அனுபவம் முற்றிலும் வேறாக இருந்தது. திரும்பிய அன்றே காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலையும் அனுப்பினேன். கடிகாரம் பாலிசி அட்டவணையில் வரிசை எண்ணுடனும் மதிப்பீட்டுச் சான்றுடனும் தனியே குறிக்கப்பட்டு, எவ்விதத்தில் தொலைந்தாலும் ஈடு கிடைக்கும் கூடுதல் பிரிவின் கீழ் இருந்ததால், அதற்கான தொகை வந்துவிட்டது. சங்கிலியோ பட்டியலில் இல்லாமல் பொதுவான வீட்டுப் பொருட்களுக்குள் அடங்கியிருந்தது. அந்தப் பிரிவில், பூட்டையோ சன்னலையோ உடைத்து வலிந்து நுழைந்த தடயம் இருந்தால் மட்டுமே திருட்டுக்கு ஈடு உண்டு. எங்கள் வீட்டில் அத்தகைய தடயம் எதுவும் இல்லை. சங்கிலி எங்களுடையது என்பதற்கு அம்மா அதை அணிந்திருக்கும் பழைய குடும்பப் படம் ஒன்றைத் தவிர வேறு சான்றும் எங்களிடம் இல்லை. இத்தனைக்கும் கடிகாரத்தைவிடச் சங்கிலியின் மதிப்பு பல மடங்கு அதிகம்.

சங்கிலிக்கு ஈடு தர மறுத்ததை என்னால் ஏற்க முடிகிறது. அதைத் தெரிவித்த முறையை ஏற்க முடியவில்லை. ஆறு வாரங்களில் மூன்று அலுவலர்கள் மாறினர், மூவரும் அதே ஆவணங்களை மீண்டும் கேட்டனர், இறுதியில் காரணம் ஏதும் சொல்லாமல் ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. எந்த விதிப்பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு, குறைதீர்ப்புப் பிரிவுக்கும் முறையிட்ட பிறகே முழு விளக்கம் கிடைத்தது. அதைவிட வருத்தம் தந்தது வேறொன்று: நீர்ச்சேதத் தொகைக்காகக் கையெழுத்திட்டுத் தரும்படி அவர்கள் அனுப்பிய பற்றுச்சீட்டில், இந்தப் பாலிசியின் கீழ் உள்ள அனைத்துக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்க்கப்பட்டன என்ற வாசகம் இருந்தது. நகை தொடர்பான கோரிக்கை அப்போது நிலுவையில் இருந்தது. கவனிக்காமல் கையெழுத்திட்டிருந்தால் கடிகாரத்துக்கான தொகையையும் இழந்திருக்கக்கூடும். வாசகத்தை நீர்ச்சேதத்துக்கு மட்டும் எனத் திருத்தித் தரும்படி கேட்டேன்; மறுவாதம் ஏதுமின்றித் திருத்தித் தந்தார்கள். ஆனாலும், வீடு சிதைந்து மனம் கலங்கியிருக்கும் ஒருவரிடம் அத்தகைய தாளை நீட்டுவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

சேதக் கோரிக்கைகளுக்கு இந்த நிறுவனத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விலையுயர்ந்த பொருட்களைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றையும் அட்டவணையில் தனியே எழுதித் தரச் சம்மதித்தால் மட்டுமே பரிந்துரைப்பேன். கடந்த மாதம் பாலிசியைப் புதுப்பித்தபோது கட்டடத்தின் மதிப்பைப் புதிதாகக் கணக்கிட்டு உயர்த்தினேன். மீதமிருந்த நகைகளைப் படத்துடனும் எடைக்குறிப்புடனும் மதிப்பீட்டுச் சான்றுடனும் அட்டவணையில் சேர்க்கச் சொன்னேன். வந்துசேர்ந்த புதிய ஆவணத்தில் ஒரு வளையல் விடுபட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டித் திருத்தப் பிரதி பெற்ற பிறகே பிரீமியத்தைச் செலுத்தினேன்.